மொட்டைமாடியில் ஒரு பிறந்தநாள் (கொஞ்சம் நீளமான பதிவு)

போன வாரம் நான் போட்ட மொட்டைமாடி போட்டோக்களைப் பார்த்துவிட்டு இன்பாக்ஸில் ஏழெட்டுப் பேர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தீர்கள். "டீச்சர், மொத்தம் எவ்வளவு ஆச்சு?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக டைப் அடிக்க என் கட்டைவிரலுக்குத் தெம்பு இல்லை. அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன். அவசரமாக இருப்பவர்கள் தொகையை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பலாம்: 3,166 ரூபாய். குழந்தைகள் 18 பேர், பெரியவர்கள் பத்துப் பேர்.

மற்றவர்கள் காபியை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். ஏனென்றால் அந்தத் தொகையைச் சொல்லிவிட்டு நான் கெட்டிக்காரி போல உட்கார்ந்துவிட்டால் அது பொய்யாகிவிடும். இதில் பாதிக்கு மேல் என் மருமகளின் யோசனை. அதற்கு முன்னால் நான் அவளை அழவைத்த கதையும் இருக்கிறது.

என் மகன் சென்னையில் வேலை பார்த்த கம்பெனியில் ஆள் குறைத்தார்கள். ஐந்து மாதம் ஆகிறது. வீட்டு வாடகை கட்ட முடியாமல் மூன்று பேரும் மதுரைக்கு என்னிடம் வந்துவிட்டார்கள். பேத்தியை நடுவருடத்தில் இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்த்தோம். இரண்டாம் வகுப்பு. புதுப் பள்ளிக்கூடம், புதுப் பிள்ளைகள். அவள் அதற்குள் மூன்று பிறந்தநாள் விழாக்களுக்குப் போய் வந்துவிட்டாள். ஒவ்வொரு தடவையும் கையில் ஒரு பளபளப்பான பை. உள்ளே தண்ணீர் பாட்டில், கலர் பென்சில் டப்பா, ஒரு தடவை பெயர் போட்ட டிபன் பாக்ஸ் கூட.

அவளுக்கு ஏழு வயது நிறைய மூன்று வாரம் இருக்கும்போது மருமகள் என்னிடம் வந்து, "அத்தை, இந்த வளையலை வச்சுப் பணம் வாங்கித் தர்றீங்களா? உங்களுக்குத் தெரிஞ்ச கடை இருக்குமே" என்றாள். எதற்கு என்று கேட்டேன். ஹால் எடுக்க. போன வருஷம் சென்னையில் மூன்று மணி நேரத்துக்கு ஹால், அலங்காரம், சாப்பாடு, ரிட்டர்ன் கிஃப்ட் எல்லாம் சேர்த்து 24,500 ஆகியிருந்ததாம். இங்கே கொஞ்சம் குறையும் என்றாள்.

35 வருஷம் கரும்பலகை முன்னால் நின்றவளுக்குப் பிரசங்கம் செய்யச் சொல்லியா தர வேண்டும்? ஆரம்பித்துவிட்டேன். எங்கள் காலத்தில் பிறந்தநாள் உண்டா, கேக் உண்டா, எண்ணெய் தேய்த்துக் குளித்துக் கோயிலுக்குப் போய்விட்டு வந்தால் முடிந்தது, பிள்ளைக்கு ஆடம்பரம் பழக்கலாமா என்று ஒரு பீரியட் முழுக்கப் பேசினேன். அவள் குறுக்கே பேசவில்லை. முடித்த பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"உங்க காலத்துல யாருக்குமே இல்ல, அத்தை. அதனால யாருக்கும் வலிக்கல. இவ மூணு வீட்டுல சாப்பிட்டு, பையை வாங்கிட்டு வந்திருக்கா. நம்ம முறை வரும்போது கம்முன்னு இருந்தா, அடுத்த தடவை யாரு இவளைக் கூப்பிடுவா? பணம் இல்லைன்னு எனக்குத் தெரியும். அது அவ கிளாஸுக்குத் தெரியணுமா?"

சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய் அழுதாள். வாசலில் உட்கார்ந்திருந்த என் மகன் செருப்பை மாட்டிக்கொண்டு எங்கேயோ போய்விட்டான்.

எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. மருமகள் சொன்னதை விட, அது நினைவுபடுத்திய ஒன்றுதான் காரணம்.

என் முதல் பத்து வருஷ வேலை சாத்தூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில். ஈராசிரியர் பள்ளி. ஒன்றும் இரண்டும் மூன்றும் தலைமையாசிரியருக்கு, நாலும் ஐந்தும் எனக்கு. வீட்டுக்கு வீடு பெண்கள் தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருப்பார்கள். நான் புதுசு அல்லவா, ஆர்வக்கோளாறில் வகுப்புச் சுவரில் ஒரு 'பிறந்தநாள் அட்டவணை' எழுதி ஒட்டினேன். அந்த நாளில் அந்தப் பிள்ளை கலர் உடுப்பில் வரலாம், எல்லோரும் கைதட்டுவோம், அது எல்லோருக்கும் மிட்டாய் கொடுக்கும்.

(இதில் ஒரு வேடிக்கை. வகுப்பில் பாதிப் பேர் மே கடைசியில் அல்லது ஜூன் முதல் வாரத்தில் பிறந்தவர்கள். பிறந்தவர்கள் என்ன, தலைமையாசிரியர் பெற்றவர்கள். ஐந்து வயது நிறைந்ததாகக் காட்ட அவர் சௌகரியத்துக்கு ஒரு தேதியை எழுதிவிடுவார். என் சான்றிதழிலும் ஜூன் 1தான். ஒவ்வொரு வருஷமும் அன்றைக்கு உங்களில் பலர் வாழ்த்துச் சொல்கிறீர்கள், நானும் நன்றி சொல்கிறேன். உண்மையில் நான் ஐப்பசியில் ஒரு மழை நாளில் பிறந்தவள் என்று அம்மா சொல்லுவாள்.)

ஒரு பெண் பிள்ளை. நன்றாகப் படிப்பாள். ஐந்தாம் வகுப்பு முடிந்து அவளுக்கு மாற்றுச் சான்றிதழ் எழுதும்போது தேதியைப் பார்த்தேன். செப்டம்பர் மாதம். ஆஸ்பத்திரியில் பிறந்து சர்டிபிகேட்டோடு வந்தவள் என்பதால் நிஜத் தேதி. இவளுக்கு நாம் கைதட்டியதாக ஞாபகமே இல்லையே என்று சந்தேகம் வந்து வருகைப் பதிவேட்டைப் புரட்டினேன். நாலாம் வகுப்பில் அந்தத் தேதியில் ஆப்சென்ட். ஐந்தாம் வகுப்பிலும் ஆப்சென்ட். இரண்டு வருஷத்திலும் அவள் வராமல் இருந்த நாட்களை ஒரு கை விரலுக்குள் எண்ணிவிடலாம்.

முப்பது மிட்டாய் வாங்க முடியாத வீடு. அதை வாய்விட்டுச் சொல்லாமல் வயிற்றுவலி, காய்ச்சல் என்று வீட்டிலேயே இருந்திருக்கிறாள். அட்டவணையை எழுதி ஒட்டியது நான். நான் எதுவும் கேட்பதற்குள் அவள் சான்றிதழை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். அடுத்த ஜூனில் அட்டவணையைக் கிழித்துவிட்டு, மாதக் கடைசி வெள்ளிக்கிழமை கோவில்பட்டிக் கடலைமிட்டாய் ஒரு பாக்கெட் நானே வாங்கி வந்து, அந்த மாதத்தில் பிறந்தவர்களுக்கு மொத்தமாகக் கைதட்டி முடித்துக்கொண்டேன். ஆனால் அவளுக்குத் தர வேண்டிய கைதட்டல் பாக்கிதான்.

காலையில் எழுந்ததும் மருமகளிடம் போய், "செய்வோம்மா. வளையல் கையிலேயே இருக்கட்டும். நோட்டை எடு" என்றேன்.

நாங்கள் இரண்டு பேரும் நோட்டைப் போட்டு உட்கார்ந்தபோதுதான் ஒன்று புரிந்தது. காசு கொடுத்தால் ஹால்காரர் யோசிப்பார். காசு இல்லாவிட்டால் நாம் யோசிக்க வேண்டும். சிக்கனமான விழா என்று சொல்லிக்கொண்டு ஏனோதானோ என்று செய்தால், 'வசதியில்லை போல' என்பது வந்தவர்களுக்கு ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். அதுதான் மருமகள் பயந்தது. அதனால் மூன்று வாரம் வேலை செய்தோம். விழா என்னவோ இரண்டே மணி நேரம், சாயங்காலம் நாலரை முதல் ஆறரை வரை. இதை முதல் நாளே முடிவு செய்தோம். சாப்பாட்டு வேளையில் வைக்காவிட்டால் செலவில் பாதி குறையும், பிள்ளைகளும் அதற்கு மேல் தாங்க மாட்டார்கள்.

யாரைக் கூப்பிடுவது? வகுப்பு முழுக்க 38 பேர், முடியாது. பேத்தியையே கேட்டோம். வகுப்பில் ஒன்பது பேர், தெருவில் ஐந்து பேர், என் தங்கை பேரன்கள் இரண்டு பேர். தெருப் பிள்ளைகளில் ஒருத்தி எங்கள் தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவரின் மகள். மாநகராட்சிப் பள்ளியில் நாலாம் வகுப்பு. சாயங்காலம் பாண்டி ஆடுவதற்கு என் பேத்திக்கு அவள் இல்லாமல் முடியாது.

நான் போய் அவள் அம்மாவிடம் சொன்னேன். "அன்னிக்கு ஊருக்குப் போறோம் டீச்சரம்மா" என்றார். கையில் தேய்த்துக்கொண்டிருந்த சட்டையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எனக்குச் சுருக்கென்றது. அதே வயிற்றுவலி, அதே காய்ச்சல்!

வீட்டுக்கு வந்து மருமகளிடம், "அவளைக் கொஞ்சம் முன்னாடியே உதவிக்கு வரச் சொல்லிடலாமா? அப்ப சங்கோஜப்படாம வருவா" என்றேன். நல்ல யோசனை என்றுதான் நினைத்தேன்.

"அத்தை, அப்ப அவ விருந்தாளி இல்ல, வேலைக்கு வந்த பொண்ணு" என்றாள் மருமகள்.

ஓய்வுபெற்ற ஆசிரியைக்கு விழுந்த இரண்டாவது அடி.

அவளே வழியும் சொன்னாள். வாட்ஸப்பில் எல்லா அம்மாக்களுக்கும் அனுப்பிய அழைப்பில் இரண்டு வரி சேர்த்தாள். ஒன்று: 'பிள்ளைகள் பெயின்ட் அடிக்கப் போகிறார்கள், பழைய உடுப்பில் அனுப்பவும்.' இரண்டு: 'பரிசு வேண்டாம். ஒவ்வொருவரும் ஒரு விடுகதை கொண்டுவர வேண்டும். விடுகதை சொன்னால்தான் மாடிக்கு அனுமதி.'

வெறுமனே 'பரிசு வேண்டாம்' என்று போட்டால் யாரும் நம்ப மாட்டார்கள், ஒரு பொம்மையாவது தூக்கிக்கொண்டு வருவார்கள், கொண்டுவராத பிள்ளை கையைப் பிசைந்துகொண்டு நிற்கும். பழைய உடுப்பில் வரச் சொன்னதால் பட்டுப்பாவாடைக்கும் பிராக்குக்கும் வழியில்லை. நான் மறுபடியும் இஸ்திரி வண்டிக்குப் போய் அதைப் படித்துக் காட்டினேன். அந்த அம்மா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ஊருக்கு அடுத்த வாரம் போய்க்கிறோம்" என்றார்.

இப்போது கணக்கு. கேட்டவர்கள் எழுதிக்கொள்ளுங்கள். தெருமுனை பேக்கரியில் ஒரு கிலோ வெண்ணிலா கேக் 650. உருளைக்கிழங்கு போண்டா, பட்டாணிச் சுண்டல், கேசரி, மூன்றுக்கும் எண்ணெய், நெய் உட்பட மளிகை 980. நன்னாரி சர்பத், எலுமிச்சை 210. பலூன், கலர் பேப்பர், நூல் 190. பெயின்டும் பிரஷ்ஷும் 240. வெந்தயம் 20. ஆட்டோ 120. வீட்டுக்குக் கொண்டுபோகும் பை 18, ஒன்று 42 ரூபாய் வீதம் 756.

அந்தப் பையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எந்த விசேஷத்துக்குப் போனாலும் தாம்பூலத்தோடு ஒரு ரவிக்கைத் துணி கொடுப்பார்கள் இல்லையா? அதை நாம் தைக்கவும் மாட்டோம், இன்னொருவருக்குக் கொடுக்கவும் மறந்துவிடுவோம். என் பீரோவில் அப்படி இருபத்தைந்துக்கு மேல் கிடந்தன. மருமகள் அதையெல்லாம் வெட்டி, நாடா கோத்து, சுருக்குப் பையாகத் தைத்தாள். ஒரு பையைப் போல இன்னொன்று கிடையாது. பச்சை, மாம்பழ மஞ்சள், அரக்கு, கட்டம் போட்டது, புட்டா போட்டது. உள்ளே சாட்டையோடு ஒரு மரப் பம்பரம் 20 ரூபாய், கடலைமிட்டாய் இரண்டு 10, தேன்மிட்டாய் நாலு 4, பென்சில் 5, அழிப்பான் 3. மிட்டாயெல்லாம் கீழமாசி வீதிப் பக்கம் மொத்தமாக வாங்கினோம்.

ஒரு விஷயத்தில் கவனமாக இருங்கள். எல்லா அம்மாக்களிடமும் முன்கூட்டியே, 'பிள்ளைக்குச் சேராதது ஏதாவது உண்டா?' என்று கேட்டுவிடுங்கள். ஒரு பையனுக்கு நிலக்கடலை ஆகாது என்று அவன் அம்மா சொன்னார். அவன் பையைத் தனியாக, கடலைமிட்டாய் எடுத்த கையால் தொடாமல் கட்டினோம். இரண்டு மூன்று வயதுக் குட்டிகளுக்கு ஆணி வைத்த பம்பரம் கூடாது. அதே விலையில் பெரிய ரப்பர் பந்து.

விழா நாள். காலையில் உற்சாக மிகுதியில் 11 மணிக்கே பலூன்களை ஊதி மாடியில் கட்டிவிட்டோம். மதுரை வெயிலைப் பற்றி எனக்கு யாராவது சொல்லித் தர வேண்டுமா? மூன்று மணிக்குள் ஒவ்வொன்றாக டப் டப் என்று 31 போய்விட்டன. கீழ் வீட்டுக்காரர் யார் வெடி வைப்பது என்று கேட்டார். கிழிந்த ரப்பரைத் தேடித் தேடிப் பொறுக்கினோம், சின்னக் குழந்தை வாயில் போட்டுவிடும். பலூன் கட்டுவதானால் விழாவுக்கு அரை மணி நேரம் முன்னால், நிழலில் கட்டுங்கள்.

கூப்பிட்ட 16 பேரில் 15 பேர் வந்தார்கள். கூடவே கூப்பிடாத தம்பி தங்கைகள் மூன்று பேர். எப்போதும் இரண்டு பை அதிகமாகத் தைக்க வேண்டும் என்று நான் சொன்னது சரியாகப் போயிற்று. 18 பையும் காலி, என் பேத்திக்குத்தான் பை இல்லை. அவளுக்கு மறுநாள் மிச்சத் துணியில் தைத்தோம்.

மாடிப்படியில் என் மகன் வாயில்காப்போனாக உட்கார்ந்து விடுகதை வசூல் செய்தான். மூன்று பேர் யூடியூபில் பார்த்த ஒரே விடுகதையைச் சொன்னார்கள். பரவாயில்லை என்று விட்டுவிட்டான். இஸ்திரிக்காரர் மகள் சொன்னதற்கு இவனுக்கே விடை தெரியவில்லை. "இறங்கும்போது சொல்றேன்" என்று சொல்லிவிட்டு மேலே போய்விட்டாளாம்.

பிள்ளைகள் ஒரே நேரத்தில் வர மாட்டார்கள். முதலில் வந்தவர்கள் சும்மா நின்றால் ஓட ஆரம்பிப்பார்கள், மொட்டைமாடியில் அது ஆபத்து. (கைப்பிடிச் சுவர் ஓரம் இரண்டு பெரியவர்களைக் கடைசி வரை நிறுத்தியிருந்தோம். அவர்களுக்கு வேறு வேலை கிடையாது.) அதனால் வந்ததும் ஜமுக்காளத்தில் உட்காரவைத்து ஆளுக்கு ஒரு கொட்டாங்கச்சியைக் கொடுத்தோம். தெருமுனை மெஸ்ஸில் சொல்லிவைத்து, கண் இருக்கிற பாதியாக வாங்கியது. அந்தக் கண்ணில் ஆணியால் குத்தினால் தண்ணீர் வடிய ஓட்டை தயார். நாரைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்கும் வேலையை ஒரு வாரமாக என் மகன் ராத்திரியில் உட்கார்ந்து செய்தான். பிள்ளைகள் பெயின்ட் அடித்து, மண் நிரப்பி, முளைகட்டிய வெந்தயத்தைத் தூவினார்கள். இதுவும் வீட்டுக்குக் கொண்டுபோகத்தான். வெந்தயம் என்று ஏன் தேர்ந்தெடுத்தோம் என்றால் அது பிள்ளைகளைக் காக்கவைக்காது, இரண்டு மூன்று நாளில் பச்சை தெரியும்.

அப்புறம் காகிதத் தீவு. நாற்காலி ஆட்டத்தில் எனக்குப் பிடிக்காதது ஒன்று உண்டு. தோற்ற பிள்ளை ஓரமாக உட்கார்ந்து மற்றவர்கள் ஆடுவதைப் பார்க்க வேண்டும். முதலில் அவுட் ஆவதும் எப்போதும் அந்தக் கூச்ச சுபாவக் குழந்தைதான். அதனால் நாலு நாலு பேராகப் பிரித்து ஒவ்வொரு அணிக்கும் ஒரு முழு செய்தித்தாள். பாட்டு நின்றதும் நாலு பேரும் தாள் மேல் நிற்க வேண்டும், கால் தரையில் படக் கூடாது. அடுத்த சுற்றில் தாளைப் பாதியாக மடி. அதற்கடுத்து இன்னும் பாதி. கடைசியில் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்து, ஒற்றைக்காலில், சிரித்துச் சரிந்து, அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. நடுவில் கரண்ட் போய் ஸ்பீக்கர் நின்றுவிட்டது. நான் எவர்சில்வர் தட்டில் கரண்டியால் தட்டினேன். ஸ்பீக்கரைவிட அதுதான் நன்றாக இருந்தது என்று ஒரு பையன் சான்றிதழ் கொடுத்தான்.

இன்னொரு பையன் இடுப்பில் கைவைத்து, "யாருமே ஜெயிக்கலன்னா எதுக்குப் பாட்டி விளையாடறது?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. உடனே எலுமிச்சை கரண்டி ஓட்டம் வைத்தோம். அவனே ஜெயித்தான். பரிசு என்ன என்றான். மீதி விளையாட்டுக்கெல்லாம் விசில் ஊதும் உரிமை என்றேன். அப்புறம் அரை மணி நேரம் எங்கள் காது எங்களுடையதாக இல்லை.

நான் எதிர்பார்க்காதது புதையல் வேட்டையில் நடந்தது. துப்புச் சீட்டுகளை நானே எழுதியிருந்தேன், அழகான கையெழுத்தில், தமிழில். 'காலையில் மாவு பூசிக்கொள்வேன். சாயங்காலத்துக்குள் எல்லோரும் என்னை மிதித்துவிடுவார்கள்.' கோலம் போட்ட வாசல். 'என்னிடம் ஈரமாக வருவார்கள், காய்ந்து போவார்கள்.' துணிக்கொடி. இப்படி ஆறு.

முதல் சீட்டைப் பிரித்த அணி அப்படியே நின்றது. இரண்டாவது அணியும் நின்றது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. வகுப்புப் பிள்ளைகள் எல்லாம் ஆங்கில வழி. தமிழை 'கா... லை... யி... ல்...' என்று எழுத்துக்கூட்டி அந்த வரியின் கடைசிக்கு வருவதற்குள் முதல் சொல் மறந்துபோகிறது. என் பேத்தியும் அதே கதைதான். தமிழாசிரியை இல்லாவிட்டாலும் தமிழ் சொல்லிக் கொடுத்தே வாழ்ந்த என் வீட்டில்! அதைப் பற்றி இன்னொரு பதிவு எழுத வேண்டும்.

இஸ்திரிக்காரர் மகள் அதுவரை சத்தமாகப் பேசவில்லை. சீட்டை எட்டிப் பார்த்து ஒரே மூச்சில் படித்தாள். நாலு பேரும் வாசலுக்கு ஓடினார்கள். அடுத்த நிமிஷம் மற்ற அணிகள் சீட்டைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னால் ஓடின. "அக்கா, இதைப் படிங்க." "அக்கா, எங்களுக்கு." கொஞ்ச நேரத்தில் நாலு அணி என்பது போய் எல்லோரும் ஒரே அணி, அவள் தலைவி. நான் போட்ட விதிகள் எல்லாம் காற்றில் போயின, விசில்காரனும் ஊத மறந்து அவள் கூடவே ஓடினான்.

இதை நான் திட்டம் போட்டுச் செய்ததாக மருமகள் நினைத்தாள். இல்லவே இல்லை. இங்லீஷிலும் எழுதியிருக்க வேண்டும் என்று ஒரு கணம் என்னையே திட்டிக்கொண்டேன் என்பதுதான் உண்மை.

புதையல் இருந்தது என் பழைய தகரப் பெட்டியில். சாத்தூர்ப் பக்கம் முதல் வேலைக்குப் போனபோது துணிமணி வைத்துக் கொண்டுபோன பெட்டி. திறந்ததும் வண்ண வண்ணமாகச் சுருக்குப் பைகள். அவரவருக்குப் பிடித்த நிறத்தை எடுத்துக்கொள்ளலாம் என்றதும் ஒரே தள்ளுமுள்ளு. பளபளப்பான பை கொடுத்த வீட்டுப் பெண் குழந்தை ஒன்று அரக்கு நிறத்துக்காக அழுதது.

கேக் வெட்டி, போண்டா தின்று எல்லோரும் கிளம்பும் நேரத்தில்தான் அடுத்தது ஆரம்பித்தது. பம்பரத்துக்குச் சாட்டை சுற்ற ஒரு பிள்ளைக்கும் தெரியவில்லை. என் மகன் கீழே உட்கார்ந்து சுற்றிக் காட்டினான். கூட்டிப்போக வந்த அப்பாக்கள் இரண்டு பேர், "தள்ளுங்க பிரதர்" என்று சட்டைக் கையை மடித்துவிட்டார்கள். சுழலும் பம்பரத்தைச் சாட்டையால் தூக்கி உள்ளங்கையில் விடுவது, ஒன்றின் மேல் ஒன்று குத்துவது என்று போட்டி. ஆறரைக்கு முடிய வேண்டிய விழா ஏழேகாலுக்கு முடிந்தது. மாடித் தட்டோட்டில் ஆணிக் குத்து எத்தனை என்று மறுநாள் எண்ணி எண்ணி வருத்தப்பட்டேன். ஆனால் அந்த மூன்று ஆண்பிள்ளைகளும் கத்திய கத்தலில் என் மகனின் குரலைத் தனியாகக் கேட்டேன். ஐந்து மாதமாக அந்தக் குரல் அந்த உயரத்துக்குப் போகவில்லை.

வேலை இன்னும் கிடைக்கவில்லை. இரண்டு இடத்தில் பேசிக்கொண்டிருக்கிறான். அதையும் கேட்பீர்கள் என்பதால் சொல்லிவிட்டேன்.

எல்லாம் கழுவி வைத்துவிட்டு ராத்திரி மருமகள் நோட்டில் கூட்டிப் பார்த்தாள். 3,166 என்று அடிக்கோடு போட்டாள். "அத்தை, உங்க உழைப்புக்கும் என் உழைப்புக்கும் கூலி போட்டா ஹாலே மலிவு" என்றாள். அதுவும் சரிதான். மூன்று வாரம் ஒதுக்க முடியாத, இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீட்டில் யாராவது ஹால் எடுத்தால் அவர்களை நான் இனிமேல் குறை சொல்ல மாட்டேன்.

விழா முடிந்து இன்றோடு 12 நாள். அம்மாக்களின் வாட்ஸப் குழுவில் கொட்டாங்கச்சி போட்டோக்கள் வந்தபடி இருக்கின்றன. இரண்டு பேருக்குத் தண்ணீர் அதிகமாகி அழுகிவிட்டது, மறுபடி வெந்தயம் கேட்டு அனுப்பியிருக்கிறார்கள். இஸ்திரி வண்டியில், கரிப்பெட்டிச் சூடு படாத கோடியில், நீலமும் சிவப்பும் அடித்த ஒரு கொட்டாங்கச்சி உட்கார்ந்திருக்கிறது. இன்று காலை துணி கொடுக்கப் போனபோது அந்த அம்மா கேட்டார்.

"டீச்சரம்மா, கீரை நல்லா வந்திருச்சு. பருப்புல கிள்ளிப் போடலாம்னா இவ தொட விடமாட்டேங்குறா. என்ன செய்ய?"

கிள்ளிக்கொள்ளட்டும், மறுபடி விதைக்கலாம் என்றேன். வாங்கிய நூறு கிராமில் பாதி இன்னும் டப்பாவில் இருக்கிறது.